பெயர் போட்ட கிடார் வாங்கலாமா?

சிக்னேச்சர் கிடார் வாங்கலாமா என்று கேட்டு வருபவர்கள் பெரும்பாலும் பாதி முடிவோடுதான் வருகிறார்கள். பிடித்த கலைஞர் ஒருவர் இருக்கிறார், அவர் பெயரில் ஒரு மாடல் இருக்கிறது, விலைதான் உதைக்கிறது. யாராவது ஒருவர் "தைரியமா வாங்கு" என்று சொல்லிவிட்டால் போதும் என்ற நிலை. அவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான். அந்தக் கலைஞர் கம்பெனிக்காரர்களிடம் என்ன குறை சொன்னார், அதற்கு அவர்கள் என்ன செய்து கொடுத்தார்கள் என்று தெரியுமா? தெரிந்தால் அந்தக் குறை உங்களுக்கும் இருக்கிறதா?

நான் சென்னையில் மெல்லிசைக் கச்சேரிகளில் கிடார் வாசிப்பவன். கல்யாண வரவேற்பு, கோயில் திருவிழா, கல்லூரி விழா, அவ்வப்போது ஸ்டுடியோ வேலை. பல வருடங்களாக என் கையில் இருப்பது, கிடார் கலைஞர் எரிக் கிளாப்டன் பெயரில் ஃபெண்டர் கம்பெனி செய்த ஸ்ட்ராடோகாஸ்டர், சுருக்கமாக ஸ்ட்ராட், என்ற எலக்ட்ரிக் கிடார். கிளாப்டனின் வாசிப்பு எனக்குப் பிடிக்கும். ஆனால் அவருடைய ரசிகன் என்பதற்காக அதை வாங்கவில்லை. அவர் தனக்காகக் கேட்டு வாங்கிய வசதிகள் எங்கள் ஊர் மண்டபங்களில் நான் படும் பாட்டுக்கு அப்படியே பொருந்தின. அதனால் என் அனுபவத்தில் இந்தக் கேள்விக்குப் பதில் "ஆமாம்" தான். ஆனால் அந்த "ஆமாம்" எல்லா மாடலுக்கும் எல்லாருக்கும் செல்லாது.

கிளாப்டன் 1970-ல் அமெரிக்காவின் நாஷ்வில் நகரில் ஒரு கடையில் ஆறு பழைய ஸ்ட்ராடோகாஸ்டர்களை மொத்தமாக வாங்கினார். மூன்றை ஜார்ஜ் ஹாரிசன், பீட் டவுன்ஷெண்ட், ஸ்டீவ் வின்வுட் ஆகியோருக்குக் கொடுத்துவிட்டு, மீதி மூன்றிலிருந்து நல்ல பாகங்களைப் பொறுக்கி ஒரே கிடாராகச் சேர்த்தார். அதுதான் 'ப்ளாக்கி'. பல வருட மேடை வாசிப்பில் அது தேய்ந்துபோய், இனி தாங்காது என்ற நிலை வந்தபோதுதான் ஃபெண்டர் அவருக்கென்று ஒரு மாடல் செய்யும் பேச்சு எழுந்தது. 1988-ல் அது விற்பனைக்கு வந்தது. ஃபெண்டரின் முதல் சிக்னேச்சர் மாடலும் அதுவே. ப்ளாக்கியின் நெக்கைப் (இடது கை பிடிக்கும் கழுத்துப் பகுதி) போலவே பின்பக்கம் மென்மையான 'வி' வடிவம், ஆடாமல் மரக்கட்டை வைத்து அடைத்த ட்ரெமலோ (கைப்பிடியால் சுருதியை வளைக்கும் அமைப்பு), இரைச்சல் இல்லாத பிக்கப்கள் (கம்பியின் அதிர்வை மின்சாரமாக்குபவை), நடு அலைவரிசையைத் தூக்கிக் கொடுக்கும் ஒரு சர்க்யூட். இந்த நான்கும்தான் அந்த மாடல். ஹெட்ஸ்டாக்கில், அதாவது கிடாரின் தலைப்பகுதியில், இருக்கும் கையெழுத்து கடைசியில் வருவது.

இதில் இரைச்சல் விஷயத்தை விளக்கமாகச் சொல்ல வேண்டும். சாதாரண ஸ்ட்ராட்டில் இருப்பவை சிங்கிள் காயில் பிக்கப்கள். காந்தத்தைச் சுற்றி ஆயிரக்கணக்கான சுற்று மெல்லிய செம்புக் கம்பி. கிடார் கம்பியின் அதிர்வைப் பிடிக்கும் அதே சுருள், சுற்றிலும் இருக்கும் மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸ் ஹம்மையும் சேர்த்துப் பிடிக்கும். வீட்டில் அது பெரிய விஷயம் இல்லை. கல்யாண மண்டபத்துக்கு வாருங்கள். மேடைக்குப் பின்னால் சீரியல் லைட் வரிசை, மணமக்கள் இருக்கைக்கு மேலே டிம்மரில் ஓடும் விளக்குகள், வெளியே ஜெனரேட்டர், எர்த் எங்கே போகிறது என்று யாருக்கும் தெரியாத பிளக் பாயிண்ட். பாடகி பல்லவியை மெதுவாக எடுக்கும் நேரத்தில் என் பக்கத்து ஸ்பீக்கரிலிருந்து ஒரு "ம்ம்ம்" கேட்டுக்கொண்டே இருக்கும்.

சிங்கிள் காயிலோடு பல காலம் மேடையேறியவர்கள் எல்லோருக்கும் ஒரு வித்தை தெரியும். உடம்பை மெல்லத் திருப்பிக்கொண்டே போனால் ஒரு கோணத்தில் இரைச்சல் குறையும். அந்தக் கோணத்தில் நின்றே வாசிக்க வேண்டியதுதான். ஆனால் எங்கள் குழுவில் கண்ணசைவு கொடுப்பவர் கீபோர்டுக்காரர். இரைச்சல் குறையும் பக்கம் திரும்பினால் அவருக்கு என் முதுகுதான் தெரியும். ஒவ்வொரு பாட்டுக்கு நடுவிலும் வால்யூமைச் சுழித்து மூடி, இடையிசை வருமுன் திறப்பதே ஒரு தனி வேலையாக இருந்தது.

இதற்குத்தான் கிளாப்டன் மாடலில் விடை இருந்தது. ஆரம்பத்தில் கோல்டு லேஸ் சென்சர் பிக்கப்கள். பிற்காலத்தில் விண்டேஜ் நாய்ஸ்லெஸ், அதாவது இரண்டு சுருள்களை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி, இரண்டும் பிடிக்கும் ஹம் ஒன்றையொன்று அடித்துக்கொள்ளும்படி செய்தவை. பழைய சிங்கிள் காயிலின் கண்ணாடி போன்ற பளபளப்பு இதில் கொஞ்சம் குறையும், அதை மறைக்க விரும்பவில்லை. காதைத் தீட்டிக்கொண்டு ஸ்டுடியோவில் கேட்டால் வித்தியாசம் தெரியும். மண்டபத்தில் தவில் செட்டும் ஜெனரேட்டரும் ஓடும் இடத்தில் அந்த வித்தியாசத்தை என்னாலேயே கண்டுபிடிக்க முடியாது. இரைச்சல் இல்லாததை மட்டும் எல்லோராலும் கேட்க முடியும்.

அடுத்தது மிட் பூஸ்ட், அதாவது நடு அலைவரிசையைத் தூக்கும் அந்தச் சர்க்யூட். ஸ்ட்ராட்டின் மெல்லிய குரல் ஒரு கிட்டார்காரருக்கு வேண்டும், லீட் வாசிக்கும்போது கிப்சன் போன்ற தடித்த குரலும் வேண்டும். கிளாப்டனுக்கு இரண்டும் ஒரே கிடாரில் வேண்டியிருந்தது. அதற்காக 9 வோல்ட் பேட்டரியில் ஓடும் ஒரு சர்க்யூட்டை உள்ளே வைத்து, ஒரு குமிழைத் திருப்பினால் 25 டெசிபெல் வரை ஏறும்படி செய்தார்கள். மின்னழுத்தக் கணக்கில் ஏறக்குறைய 18 மடங்கு. இது வாசிப்பவருக்கு என்ன தருகிறது என்று சொல்கிறேன். எண்பதுகளின் தமிழ்ப் பாட்டு ஒன்றை எடுத்தால் முதல் பாதி முழுக்கக் கம்பிகளை ஒவ்வொன்றாக மீட்டும் சுத்தமான ஆர்பெஜியோ, இரண்டாவது இடையிசையில் திடீரென்று கம்பி இழுத்து வாசிக்கும் ஒரு லீட். நடுவில் கிடார் மாற்ற நேரம் கிடையாது. பெடல் மிதிக்கலாம்தான், ஆனால் நெரிசலான மேடையில் காலடியில் பெடல் வைக்க இடம் கிடைப்பதே அதிர்ஷ்டம். சுண்டு விரலால் குமிழை மூன்று, நான்கு வரை தள்ளினால் கீபோர்டு, பேட், தபேலா எல்லாவற்றுக்கும் நடுவிலிருந்து கிடார் மேலே வந்துவிடும். பத்து வரை தள்ளினால் மிக்சரில் சிவப்பு விளக்கு எரியும், சவுண்ட்காரர் கையை ஆட்டுவார். அதனால் மூன்று, நான்கோடு நிறுத்திக்கொள்வேன்.

இன்னொரு நன்மையும் உண்டு, இதை விளம்பரங்களில் அதிகம் பேசுவதில்லை. சாதாரண கிடாரிலிருந்து நீளமான கேபிள் இழுத்தால் மேல் அலைவரிசை கேபிளிலேயே மங்கிவிடும். மிக்சர் மண்டபத்தின் ஓரத்தில் இருக்கும்போது, அல்லது நடுவில் இரண்டு கேபிளை ஒட்டுப்போட்டு இணைக்கும்போது இந்த மங்கல் நன்றாகத் தெரியும். உள்ளேயே சர்க்யூட் இருக்கும் கிடாரில் இந்தத் தொல்லை மிகவும் குறைவு.

பேட்டரி இருக்கும் கிடாருக்கு ஒரு ஒழுக்கம் தேவை. கேபிளைச் செருகி வைத்திருக்கும் வரை பேட்டரி கரைந்துகொண்டே இருக்கும். இடைவேளையில் கிடாரை ஸ்டாண்டில் வைத்தால் உடனே கேபிளை உருவிவிட வேண்டும். பேட்டரி இறங்க ஆரம்பித்தால் ஒலி கரகரக்கும், அப்புறம் தேய்ந்துபோகும். முகூர்த்த நாளில் இரவு ஒன்பது மணிக்கு மண்டபத்துக்குப் பக்கத்தில் 9 வோல்ட் பேட்டரி கிடைக்காது. கிடார் பையில் எப்போதும் புதிதாக ஒன்று இருக்கட்டும், பிரிக்காத உறையோடு.

நெக்கின் 'வி' வடிவம் எல்லோருக்கும் சரிவராது. கட்டைவிரலை மேலே கொண்டுவந்து கழுத்தை முழுக்கையால் பிடித்து வாசிப்பவர்களுக்கு அந்த முனை உள்ளங்கையில் அழகாக உட்காரும். கட்டைவிரலை நடுவில் வைத்து முறையாக வாசிக்கக் கற்றவர்களுக்கு அது குத்தும். கடையில் பத்து நிமிடம் நின்று வாசித்தால் தெரிந்துவிடும். உட்கார்ந்து மட்டும் வாசித்துப் பார்த்தால் தெரியாது.

இப்போது கிளாப்டன் மாடலுக்குப் பக்கத்தில் ஜெஃப் பெக் மாடலை வைத்துப் பாருங்கள். அதே ஃபெண்டர், அதே ஸ்ட்ராட் உருவம், 1991-ல் வந்தது. கிளாப்டன் ட்ரெமலோ கைப்பிடியைத் தொடுவதே இல்லை, அதனால் அவருடையதில் அதை அடைத்துவிட்டார்கள். ஜெஃப் பெக் பிக் இல்லாமல் விரலால் வாசித்து, அந்தக் கைப்பிடியை வைத்தே கிடாரைப் பாட வைத்தவர். அவர் மாடலில் கம்பி உரசாமல் ஓடுவதற்காக, தலைப்பக்கம் கம்பிகளைத் தாங்கும் நட்டிலேயே உருளைகள். இரண்டு பேரும் ஒரே கம்பெனியிடம் நேர் எதிரான விஷயத்தைக் கேட்டிருக்கிறார்கள், இரண்டும் கிடைத்திருக்கிறது. எது நல்ல கிடார் என்று கேட்டால் பதில் இல்லை. நீங்கள் அந்தக் கைப்பிடியைப் பயன்படுத்துவீர்களா என்பதுதான் கேள்வி.

கலைஞர் சொன்னார் என்பதாலேயே அது நல்ல யோசனையாகிவிடாது என்பதற்கும் சரித்திரத்தில் ஆதாரம் இருக்கிறது. கிப்சன் 1952-ல் கிடார் கலைஞர் லெஸ் பால் பெயரில் ஒரு மாடலை வெளியிட்டபோது அதில் அவர் வடிவமைத்த ஊஞ்சல் போன்ற டெயில்பீஸ் (கம்பிகளின் அடிமுனையைப் பிடிக்கும் பாகம்) இருந்தது. நெக்கின் சாய்வு அதற்குப் போதவில்லை. கம்பிகளைக் கம்பத்தின் மேலாகச் சுற்றாமல் அடியில் சுற்ற வேண்டியதாயிற்று. உள்ளங்கையால் கம்பியை மெல்ல அழுத்தி ஒலியை அடக்கும் வாசிப்புக்கு அதில் இடமே இல்லை. சீக்கிரமே அதைத் தூக்கிவிட்டு வேறு பிரிட்ஜ் (உடம்பின் மேல் கம்பிகளைத் தாங்கும் பாகம்) வைத்தார்கள். இன்று உலகம் கொண்டாடும் லெஸ் பால் கிடார் அந்தத் திருத்தத்துக்குப் பிறகு வந்தது. கிரெட்ச் கம்பெனி செட் அட்கின்ஸ் பெயரில் செய்த 6120 மாடலில் கதை தலைகீழ். மாட்டுத்தலை, கள்ளிச்செடி, உடம்பில் சூடு போட்டது போல 'ஜி' எழுத்து என்று கௌபாய் அலங்காரத்தைக் கம்பெனி அள்ளி வைத்தது. அட்கின்ஸுக்கு அது பிடிக்கவில்லை. பின்னால் வந்தவற்றில் அவை ஒவ்வொன்றாகக் குறைந்தன. ஆக, ஒரு சிக்னேச்சர் மாடலில் கலைஞர் கேட்டது எது, விற்பனைக்காகச் சேர்த்தது எது என்று பிரித்துப் பார்க்கும் பழக்கம் வாங்குபவருக்கு வேண்டும்.

என் நண்பர் ஒருவரிடம் ராக் கிடார் கலைஞர் ஸ்டீவ் வாய் பெயரில் ஐபனெஸ் கம்பெனி செய்த ஜெம் இருக்கிறது. 1987-ல் வந்த மாடல். உடம்பில் கை நுழைக்கும் துளை, 24 ஃப்ரெட் (நெக்கில் குறுக்கே பதித்த உலோக வரிகள்), கடைசி நான்கு ஃப்ரெட்டுகளுக்கு நடுவே மட்டும் குழிவு, பிரிட்ஜுக்குக் கீழே மரத்தைக் குடைந்து கம்பிகளை மேலேயும் இழுக்கும்படி செய்த மிதக்கும் ட்ரெமலோ. ஸ்டீவ் வாயின் கற்பனைக்கு இத்தனையும் தேவைப்பட்டது. அதை வாசிக்கும்போது எனக்கு உண்மையிலேயே சந்தோஷமாக இருக்கும், அவ்வளவு இலகுவான கிடார். ஆனால் அதைக் கச்சேரிக்கு எடுத்துப் போக மாட்டேன். ஒரு கம்பி அறுந்தால் மிதக்கும் பிரிட்ஜ் நகர்ந்து மீதி ஐந்தும் சுருதி கலையும். அதைவிடப் பெரிய பிரச்சினை வேறு. பாடகருக்குத் தொண்டை சரியில்லை, "அரைக் கட்டை இறக்கிக்கலாம்" என்பார். கீபோர்டுக்காரர் ட்ரான்ஸ்போஸ் பொத்தானை அழுத்திவிட்டுச் சும்மா இருப்பார். திறந்த கம்பி ஒலிக்க வேண்டிய பாட்டு என்றால் நான் கம்பிகளைத் தளர்த்தியாக வேண்டும். என் கிடாரில் பிரிட்ஜ் அடைபட்டிருப்பதால், அறிவிப்பாளர் பேசி முடிப்பதற்குள் ஆறு கம்பியையும் இறக்கிவிடுவேன். ஜெம்மில் ஆலன் சாவி எடுத்து, கம்பிகளை இறுக்கிப் பிடித்திருக்கும் பூட்டைத் தளர்த்தி, ஒன்றை இறக்கினால் மற்றது ஏறும், அதைச் சரிசெய்தால் இது கலையும்.

ஜெம் ஆசை உள்ளவர்களுக்கு ஒரு நல்ல செய்தி. ஐபனெஸ் அதே எலும்புக்கூட்டை வைத்து அதே 1987-ல் ஆர்ஜி வரிசையைக் கொண்டுவந்தது. கைத்துளை கிடையாது, கொடி போன்ற அலங்காரம் கிடையாது, ஆனால் மெல்லிய நெக்கும் 24 ஃப்ரெட்டும் அதே குடும்பம். இது போலப் பெயர் இல்லாத உடன்பிறப்பு பல சிக்னேச்சர் மாடல்களுக்கு உண்டு. இதற்கு இன்னும் தெளிவான உதாரணம் ராக் கிடார் கலைஞர் எட்டி வான் ஹேலன். 1991-ல் எர்னி பால் மியூசிக் மேன் அவர் பெயரில் ஒரு கிடார் செய்தது. 1995-ல் அவர் விலகினார். அதே கிடாரைக் கம்பெனி 'ஆக்சிஸ்' என்ற பெயரில் தொடர்ந்து விற்றது. பழைய சந்தையில் இன்றும் அவர் பெயர் இருக்கும் பழையவைக்குத்தான் விலை அதிகம். வாசிக்கத்தான் வாங்குகிறேன் என்பவர் ஆக்சிஸை எடுத்தால் காசு மிச்சம்.

ஒரே பெயரில் பல விலையில் வருவதையும் கவனிக்க வேண்டும். ஜப்பானில் செய்த ஜெம்மும் இந்தோனேசியாவில் செய்த ஜெம் ஜூனியரும் தூரத்திலிருந்து பார்க்க ஒன்றுபோல இருக்கும். ஜூனியரில் டிமார்சியோ கம்பெனியின் பிக்கப் கிடையாது, பிரிட்ஜ் வேறு தரம். விலை குறைந்தால் எல்லாமே குறைந்துவிடும் என்றும் சொல்ல முடியாது. பாடகரும் கிடார் கலைஞருமான ஜான் மேயர் 2014-ல் ஃபெண்டரை விட்டு விலகி, 2018-ல் பிஆர்எஸ் கம்பெனியோடு சேர்ந்து சில்வர் ஸ்கை என்ற கிடாரைக் கொண்டுவந்தார். வந்தபோது அமெரிக்காவில் அதன் விலை 2,299 டாலர். 2022-ல் இந்தோனேசியத் தயாரிப்பான எஸ்இ சில்வர் ஸ்கை 849 டாலருக்கு வந்தது. விலை உயர்ந்ததில் ஃப்ரெட்போர்டின் (விரல் ஓடும் பலகை) வளைவு 7.25 அங்குலம், பழைய ஸ்ட்ராட்டைப் போல. எஸ்இ-யில் 8.5 அங்குலம், அதாவது கொஞ்சம் தட்டை. கம்பியை நன்றாக இழுத்து வாசிப்பவருக்கு 7.25-ல் கம்பியைத் தாழ்வாக வைத்தால் மேல் ஃப்ரெட்டுகளில் ஒலி அறுந்துபோகும். 8.5-ல் அந்தத் தொல்லை குறைவு. என்னிடம் படிக்கும் ஒரு பையன் இரண்டையும் வாசித்துவிட்டு, விலை குறைந்ததுதான் தன் கைக்குச் சரியாக இருக்கிறது என்றான். எனக்கும் அப்படித்தான் தோன்றியது.

அப்படியென்றால் விலையை எப்படி எடைபோடுவது? நான் கையாளும் முறை இது. அதே தொழிற்சாலையில் செய்த, பெயர் இல்லாத நெருங்கிய மாடலின் விலையை எடுத்துக்கொள்ளுங்கள். சிக்னேச்சர் மாடலில் கூடுதலாக உள்ள பிக்கப், சர்க்யூட், பிரிட்ஜ் ஆகியவற்றைத் தனியாக வாங்கினால் என்ன விலை என்று பாருங்கள். பொருத்தும் கூலியையும் சேருங்கள். அந்தக் கூட்டுத்தொகைக்கும் சிக்னேச்சர் விலைக்கும் உள்ள வித்தியாசம்தான் பெயருக்கான காசு. கிளாப்டன் மிட் பூஸ்ட் சர்க்யூட்டை ஃபெண்டரே தனியாகவும் விற்கிறது. சாதாரண அமெரிக்க ஸ்ட்ராட்டில் அதைப் போட்டு, நாய்ஸ்லெஸ் பிக்கப்பும் வாங்கி, பேட்டரிக்கு இடம் செய்ய மரமும் குடைந்தால் என்ன ஆகும் என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். வித்தியாசம் பெரிதாக இல்லை. குடைந்த ஸ்ட்ராட்டை விற்கப் போனால் விலை இறங்கும் என்பதையும் சேர்த்தால் சிக்னேச்சர் மாடலே மேல் என்று பட்டது. சில மாடல்களுக்கு இந்தக் கணக்கைப் போட்டால் பெயிண்ட் நிறமும் கையெழுத்தும் மட்டுமே மிஞ்சும். அவற்றை விட்டுவிடுங்கள்.

கூடவே, பின்னால் மாற்றக்கூடியதற்கு இப்போது அதிகக் காசு கொடுக்காதீர்கள். பிக்கப்பை மாற்றலாம், குமிழ்களை மாற்றலாம், ட்யூனிங் கீயை மாற்றலாம். நெக்கின் தடிமன், ஃப்ரெட்போர்டு வளைவு, உடம்பின் எடை, தோளில் தொங்கவிட்டால் தலை கீழே சாய்கிறதா என்பது, இவையெல்லாம் வாங்கும்போது எப்படியோ அப்படியேதான். அந்தக் கலைஞரின் கையும் உங்கள் கையும் ஒத்துப்போகிறதா என்று இந்த இடங்களில்தான் பார்க்க வேண்டும்.

என்னுடையது இரண்டாம் கையாக வாங்கியது, வெளிநாட்டுக்குக் குடிபெயர்ந்த ஒரு வாத்தியக் கலைஞரிடமிருந்து. புதிதாக வாங்கினால் அமெரிக்க விலையோடு சுங்கமும் வரியும் சேர்ந்து நம் ஊரில் ஒரு உயரத்துக்குப் போய்விடும். பழையதை வாங்கும்போது போலி பற்றிய பயம் நியாயமானது. ஹெட்ஸ்டாக்கில் கையெழுத்து ஸ்டிக்கர் ஒட்டுவது சுலபம், உள்ளே இருக்கும் சர்க்யூட்டை ஒட்ட முடியாது. அதனால் சீரியல் நம்பரைப் பார்ப்பதோடு நிற்காமல், ஒவ்வொரு குமிழையும் வேலை செய்ய வைத்துப் பார்த்தேன். மிட் பூஸ்ட்டைப் பூஜ்யத்திலிருந்து மெல்ல ஏற்றினால் சத்தமும் தடிமனும் படிப்படியாக ஏற வேண்டும், கரகரப்பு இருக்கக் கூடாது. டோன் குமிழ் ஐந்தாவது இடத்தில் ஒரு சின்னத் தடங்கலோடு நிற்க வேண்டும். அதுதான் டிபிஎக்ஸ் என்ற டோன் கண்ட்ரோலின் அடையாளம். ஐந்துக்கு மேலே திருப்பினால் ஒலி இன்னும் கூர்மையாகும்.

அப்புறம் வீட்டு மின்விசிறி. எலக்ட்ரானிக் ரெகுலேட்டர் உள்ள ஃபேனை இரண்டிலோ மூன்றிலோ வைத்து, பக்கத்தில் நின்று ஆம்ப்பைத் திறந்து கேளுங்கள். சாதாரண சிங்கிள் காயில் என்றால் "ஸ்ஸ்ர்ர்" என்று ஒரு கூர்மையான இரைச்சல் வரும், கிடாரைத் திருப்பினால் கூடும், குறையும். நாய்ஸ்லெஸ் பிக்கப்பில் அது பெருமளவு அடங்கியிருக்க வேண்டும். நான் வாங்கிய வீட்டில் ஃபேனை ஓடவிட்டு, டியூப்லைட்டையும் போட்டு, ஒரு முழுச் சுற்று சுற்றி வந்தேன். விற்றவர் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார், பிறகு காரணம் கேட்டுத் தெரிந்துகொண்டார்.

சென்னைக் காற்றைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஏசி அறையில் வைத்து, அங்கிருந்து நேராக வியர்க்கும் மேடைக்கு எடுத்துப் போனால் எந்த விலை கிடாரும் நெக் வளையும், ஃப்ரெட் முனைகள் விளிம்பில் நீட்டிக்கொண்டு விரலைக் கீறும். விலை உயர்ந்தது என்பதால் அதற்கு விதிவிலக்கு கிடையாது. வருடத்தில் மழைக்கு முன்பும் பின்பும் ஒரு செட்டப் செய்ய நல்ல ஆளைத் தெரிந்து வைத்திருங்கள். பேட்டரியில் ஓடும் ஆக்டிவ் சர்க்யூட் உள்ள கிடார் என்றால் அவருக்குச் சால்டரிங் கம்பி பிடிக்கவும் தெரிந்திருக்க வேண்டும்.

முதலீடு என்று நினைத்து வாங்குபவர்களுக்கு: வேண்டாம். ப்ளாக்கியை 2004-ல் ஏலம் விட்டபோது 9,59,500 டாலருக்குப் போனது உண்மை. அது கிளாப்டன் வாசித்த கிடார். 2006-ல் ஃபெண்டர் அதன் கீறல், சிகரெட் சுட்ட தடம் வரை நகலெடுத்து 275 கிடார்கள் செய்து விற்றது. அப்படி எண்ணிக்கை வைத்துச் செய்தவை சேகரிப்பவர்களின் உலகம். கடையில் தொங்கும் சாதாரண சிக்னேச்சர் மாடலுக்கு அந்த உலகத்தோடு சம்பந்தமில்லை. நம் ஊரில் விற்கப் போனால் அந்தக் கலைஞரைப் பிடித்த, அந்த நேரத்தில் கையில் காசும் உள்ள ஒருவர் வர வேண்டும். பெயர் இல்லாத நல்ல ஸ்ட்ராட்டுக்கு ஆள் சீக்கிரம் கிடைப்பார்.

இத்தனைக்கும் பிறகு, பிடித்த கலைஞரின் கிடார் என்பதற்காக மட்டுமே வாங்குவது தப்பு என்று சொல்ல எனக்கு மனம் வராது. மேலே சொன்ன பையன் மேயர்மீது இருந்த பிரியத்தால்தான் அந்த எஸ்இ சில்வர் ஸ்கையைத் தேடிப்போனான். ஃப்ரெட்போர்டில் பதித்திருக்கும் சின்னப் பறவைகளைத் தடவிப் பார்ப்பான். அந்தக் கிடார் வந்த பிறகு அவன் வீட்டில் எடுத்து வாசிக்கும் நேரம் கூடிவிட்டது, வகுப்பில் எனக்கே தெரிகிறது. கையில் எடுக்கத் தூண்டும் வாத்தியம் நல்ல வாத்தியம். நெக் கைக்குப் பொருந்தி, வாங்குவதற்குக் கடன் வாங்க வேண்டியதில்லை என்றால் அந்தப் பிரியத்துக்குக் காசு கொடுப்பதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. முதல் கிடாராக மட்டும் வேண்டாம். உங்களுக்கு என்ன வேண்டும் என்று உங்களுக்கே தெரியாத நேரத்தில் இன்னொருவரின் தேர்வுகளை வாங்குவதில் அர்த்தமில்லை.

இப்போது என் கண், வேகத்துக்குப் பெயர்போன இங்வி மால்ம்ஸ்டீன் பெயரில் ஃபெண்டர் செய்த ஸ்ட்ராட் மாடலின் மேல் இருக்கிறது. அதுவும் 1988-ல் வந்ததுதான். அதன் தனித்தன்மை, ஃப்ரெட்டுகளுக்கு நடுவே மரத்தைக் குழிவாகச் செதுக்கியிருப்பது. விரல் மரத்தைத் தொடாது, கம்பியை மட்டும்தான் தொடும். நம் ஊர்க்காரருக்கு இது புதிதே அல்ல. வீணையில் மெழுகில் உயரமாகப் பதித்த மெட்டுகளின் மேல் விரல் இப்படித்தான் நிற்கிறது, கமகம் அப்படித்தான் பிறக்கிறது. விக்கு விநாயகராம் கடம் வாசித்த சக்தி குழுவில், வீணையும் கற்ற ஜான் மெக்லாக்ளின் குழிவு செதுக்கிய அகௌஸ்டிக் கிடாரை வாசித்தது இதற்காகத்தான். மால்ம்ஸ்டீன் தன் வேகத்துக்காகக் கேட்ட விஷயம் எனக்குக் கல்யாணி ராகத்தில் அமைந்த ஒரு பாட்டின் நெளிவுக்குத் தேவைப்படுகிறது. அழுத்திப் பிடிக்கும் பழக்கம் உள்ளவர்களுக்கு இது ஆகாது, கார்டு வாசித்தாலே சுருதி ஏறிவிடும். தெரிந்தவர் ஒருவரின் கிடாரை வாங்கி வந்து வாசித்துப் பார்த்ததில் என் இடது கை மெதுவாகப் பழகிக்கொள்கிறது.

ஆனால் அந்த மாடலை நான் வாங்கப் போவதில்லை. அதில் மற்றவை எல்லாம், அந்தப் பெரிய ஹெட்ஸ்டாக், பித்தளை நட்டு, அவருக்கென்று அமைத்த பிக்கப்கள், எனக்குத் தேவையில்லாதவை. ஸ்ட்ராட்டின் நெக் நான்கு திருகில் நிற்கிறது. வீட்டில் சும்மா இருக்கும் என் பழைய ஸ்ட்ராட்டுக்கு, குழிவு செதுக்கிய நெக் ஒன்றை மட்டும் தனியாக வாங்கிப் பொருத்தப் போகிறேன். பழைய நெக்கைச் செதுக்கக் கொடுக்க மாட்டேன், பிடிக்கவில்லை என்றால் திரும்ப மாட்டிக்கொள்ள அது வேண்டும்.